சேர்ந்தவர்கள் எங்கே போனார்கள்?

ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தில் நடத்தும் படிப்புகளை 2017-18இல் எத்தனை பேர் முடித்தார்கள்? பதிவு செய்த அத்தனை பேரையும் வைத்துக் கணக்கிட்டால் 3.13 சதவீதம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்தால் 46 சதவீதம். ஜஸ்டின் ரீச், ஹோசே ருயிபெரஸ்-வாலியென்டே இருவரும் 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஒரே கட்டுரையில் இந்த இரண்டு எண்களும் இருக்கின்றன. இணையப் படிப்பைப் புகழ நினைப்பவர் இரண்டாவதை எடுத்துக்கொள்வார், திட்ட நினைப்பவர் முதலாவதை. அதே கட்டுரையின் மூன்றாவது எண்தான் சுவையானது. பதிவு செய்தவர்களில் 52 சதவீதம் பேர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. பெயரைக் கொடுத்துவிட்டு வாசற்படி மிதிக்காதவரை ‘பாதியில் விட்டவர்’ என்று எப்படிச் சொல்வது?

ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும், நமக்குப் பழக்கமான என்.பி.டி.இ.எல். படிப்புகளிலும் இதே சிக்கல்தான். சேர்வதற்குக் கட்டணம் இல்லை. 12 வாரப் பாடம் என்றால் வாராந்தர அசைன்மென்ட்களில் மதிப்பெண் அதிகமான 8இன் சராசரி 25க்குக் கணக்காகும். கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வு 75க்கு. சான்றிதழ் வாங்க அசைன்மென்டில் 10, தேர்வில் 30 என இரண்டையும் தனித்தனியே தாண்ட வேண்டும். ஆக, பெயர் பதிந்தவர், ஒரு அசைன்மென்டாவது செய்தவர், தேர்வுக்குப் பணம் கட்டியவர், ஹால் டிக்கெட்டோடு மையத்துக்கு வந்தவர் என்று நான்கு கூட்டங்கள். தேறியவர் எண்ணிக்கையை இந்த நான்கில் எதனால் வகுக்கிறோம் என்று சொல்லாத எந்தச் சதவீதத்தையும் நம்ப வேண்டியதில்லை.

தொலைநிலைக் கல்வி ஆய்வில் முதலிடம் பெற வேண்டிய கேள்வி, படிப்பைப் பாதியில் விடும் இந்த இடைநிற்றல்தான் என்பது எங்கள் வாதம். ஆய்வு உலகம் எதற்கு இடம் கொடுத்திருக்கிறது என்று பார்க்க ஒரு வரைபடம் இருக்கிறது. ஜெர்மானிய ஆய்வாளர் ஓலாஃப் சவாக்கி-ரிக்டர் 2009இல் துறை வல்லுநர்களிடம் டெல்ஃபி முறையில் கருத்துக் கேட்டு அதை உருவாக்கினார். டெல்ஃபி என்றால், வல்லுநர்களை ஒரே அறையில் உட்காரவைக்காமல் தனித்தனியே எழுதச் சொல்லி, தொகுத்த விடைகளைப் பெயரில்லாமல் திரும்ப அனுப்பி, மறுசுற்றில் மதிப்பிடச் சொல்வது. சத்தமாகப் பேசுபவர் மற்றவர்களை இழுத்துக்கொண்டு போகும் ஆபத்து இதில் இல்லை. கிடைத்தது மூன்று அடுக்குகளில் 15 ஆய்வுப் பகுதிகள். மேலடுக்கில் வாய்ப்புச் சமத்துவம், கல்வி அமைப்புகள், கோட்பாடுகள் போன்றவை. நடுவடுக்கில் நிர்வாகம், செலவு, தொழில்நுட்பம், மாணவர் உதவி, தரக் கட்டுப்பாடு முதலியவை. அடியடுக்கில் மூன்றுதான்: பாட வடிவமைப்பு, இணையவழி உரையாடல், கற்பவரின் இயல்புகள்.

அதே ஆண்டு அவரும் சகாக்களும் 2000 முதல் 2008 வரை ஐந்து ஆய்விதழ்களில் வந்த 695 கட்டுரைகளை இந்த அடுக்குகளில் பிரித்துப் போட்டார்கள். பாதிக்கு மேல் அந்த அடியடுக்கு மூன்றிலேயே விழுந்தன. காரணம் ஊகிக்கக் கூடியதே. சொந்த வகுப்பு கையில் இருக்கிறது, விவாதப் பலகையில் மாணவர்கள் எழுதியதும் இருக்கிறது. ஒரு பருவத்தில் கட்டுரை தயார். செலவை ஆராய வேண்டுமானால் நிதி அலுவலகத்தின் கதவைத் தட்ட வேண்டும். புதுமையை நிறுவனத்துக்குள் கொண்டுவருவது எப்படி, வேறு பண்பாட்டு மாணவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பவை மிக முக்கியம், ஆனால் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன என்று வல்லுநர்களே சொன்னார்கள்.

இன்னொரு கேள்வியும் நிறையத் தாளைத் தின்றிருக்கிறது: நேர்வகுப்பு உசத்தியா, ஆன்லைனா? ராபர்ட் பெர்னார்டும் குழுவினரும் 2004இல் 232 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி வேறுபாடு ஏறக்குறைய பூஜ்யம். ஆனால் அந்தப் பூஜ்யத்துக்கு இரண்டு பக்கமும் பெரிய சிதறல். சில தொலைநிலைப் படிப்புகள் நேர்வகுப்பை எங்கோ விஞ்சின, சில படுத்துவிட்டன. பாடத்தைக் கொண்டுசேர்க்கும் ஊடகம் என்பது காய்கறி ஏற்றிவரும் லாரி மாதிரி, லாரியை மாற்றினால் சத்து கூடாது என்று ரிச்சர்ட் கிளார்க் 1983லேயே எழுதியிருந்தார். இன்றும் இந்த ஒப்பீட்டை ஆய்வேட்டுத் தலைப்பாக எடுப்பவர்கள் உண்டு. வேண்டாம்.

இடைநிற்றலுக்கு வருவோம். அதை உண்மையான தரவில் தொட்டுப் பார்க்க, பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி 2017இல் வெளியிட்ட தரவுத்தொகுப்பு ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஏழு பாடங்கள், 2013, 2014ஆம் ஆண்டுகளில் 22 முறை நடத்தப்பட்டவை. மாணவர் பதிவுகள் 32,593. தேறியவர் 12,361, சிறப்பாகத் தேறியவர் 3,024, தோற்றவர் 7,052, விலகியவர் 10,156. இணையதளத்தில் அவர்கள் சொடுக்கியது, நாள்வாரியாகச் சுருக்கியும் ஒரு கோடி வரிகளுக்கு மேல். எல்லா நாளும் பாடம் தொடங்கிய நாளை வைத்து எண்ணப்பட்டிருக்கிறது. பதிவு நாள் -30 என்றால் தொடங்குவதற்கு 30 நாள் முன்பே சேர்ந்தவர்.

இதில் முதன்முதலாகக் கை வைப்பவர்கள் வழுக்கும் இடங்கள் உண்டு. அசைன்மென்ட் தராதவருக்கு மதிப்பெண் பூஜ்யம் என்று இருக்காது. அந்த வரியே இருக்காது. இருக்கும் வரிகளுக்குச் சராசரி எடுத்தால் ஒன்றை மட்டும் எழுதி 80 வாங்கிவிட்டுக் காணாமல் போனவர் நல்ல மாணவராகத் தெரிவார். ஆகவே, யார் யார் எந்தெந்த அசைன்மென்டைத் தந்திருக்க வேண்டும் என்ற முழுப் பட்டியலை முதலில் நாமே கட்டி, அதன்மேல் மதிப்பெண்களைப் பொருத்த வேண்டும். மாணவர் வசிக்கும் பகுதியின் ஏழ்மை நிலையைச் சொல்லும் நெடுவரிசையில் எல்லா மதிப்புகளுக்கும் சதவீதக் குறி இருக்கும், 10-20 என்ற ஒன்றுக்கு மட்டும் இருக்காது. கவனிக்காமல் விட்டால் வரிசை குலைந்துவிடும். விலகிய தேதியும் ஏமாற்றும். அது அலுவலகத்துக்குத் தெரிந்த தேதி. படிப்பு அதற்கு முன்பே நின்றிருக்கலாம், கடைசிச் சொடுக்கு எப்போது என்று பார்த்தால்தான் தெரியும்.

விலகலை ஒட்டுமொத்தச் சதவீதமாகச் சொல்வதைவிட வாரம் வாரமாகப் பார்ப்பது நல்லது. 1,000 பேர் தொடங்கி முதல் வாரத்தில் 100 பேர் போனால் அந்த வார ஆபத்து 10 சதவீதம். அடுத்த வாரம் மீதி 900 பேரில் 90 பேர் போனால் அதுவும் 10 சதவீதம்தான், எண்ணிக்கை குறைந்திருந்தாலும். பிற்பாடு 500 பேர் மிஞ்சியிருக்கும் வாரத்தில் 25 பேர் போனால் 5 சதவீதம். இந்தக் கோடு எங்கே திடீரென்று எகிறுகிறதோ அங்கே ஏதோ நடந்திருக்கிறது. பெரும்பாலும் முதல் அசைன்மென்டின் கெடுநாளாக இருக்கும். முதல் ஒப்படைப்பைத் தராதவர் கடைசியில் தேறுவது அபூர்வம் என்பதை ஓப்பன் யுனிவர்சிட்டியின் முன்கணிப்புக் குழுவும் கண்டது.

முன்கணிப்பு என்றதும் இயந்திரக் கற்றல், 95 சதவீதத் துல்லியம் என்று தொடங்கிவிடுவார்கள். 100 பேரில் 5 பேர்தான் முடிக்கும் படிப்பில், ‘எல்லாரும் விட்டுவிடுவார்கள்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 95 சதவீதம் சரியாக வரும். பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: விடப்போகிறவர்களில் எத்தனை பேரை முன்கூட்டியே பிடித்தோம், பிடித்தவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே விடப்போகிறவர்கள். அடுத்த பிழை இன்னும் நுட்பமானது. 20ஆம் நாள் விலகியவருக்கு 40ஆம் நாளில் சொடுக்கே இருக்காது. அந்த 40ஆம் நாள் தரவையும் கொடுத்துவிட்டு விலகலைக் கணிக்கச் சொன்னால், செத்தவருக்கு நாடி பார்த்து நோயைக் கணித்த கதை. எந்த நாளில் கணிக்கிறோமோ அந்த நாளோடு தரவை வெட்ட வேண்டும், அதற்கு முன்பே விலகியவர்களையும் நீக்கிவிட வேண்டும். சோதனைக்கும் மாணவர்களைக் குலுக்கிப் பிரிக்காமல், கணிக்கும் நிரலை முந்தைய பருவங்களின் தரவில் பயிற்றி அடுத்த பருவத்தில் சரிபார்க்க வேண்டும். நடைமுறையில் கணிப்பு எப்போதும் அடுத்த பருவத்துக்குத்தானே.

சரி, ஆபத்தில் இருப்பவர் யாரென்று தெரிந்துவிட்டது. போன் போட்டுப் பேசினால் படிப்பில் தங்குவாரா? இது முன்கணிப்பால் விடை சொல்ல முடியாத கேள்வி. சீட்டுக் குலுக்கி, ஒரு பாதிக்குப் பேசி மறுபாதிக்குப் பேசாமல் விட்டு ஒப்பிட வேண்டும். ‘விருப்பமுள்ளவர்கள் வரலாம்’ என்று தொடர்பு வகுப்பு வைத்து, வந்தவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்று எழுதுவது ஆய்வாகாது. வந்தவர்கள் முன்பே ஆர்வமுள்ளவர்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு: தேர்ச்சி வீதத்தையும் (பின்னமாக) ஒன்றிலிருந்து அதைக் கழித்ததையும் பெருக்கி, 16ஆல் பெருக்கி, எதிர்பார்க்கும் மாற்றத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 60 சதவீதத்தை 65 ஆக்க முடிகிறதா என்று பார்க்க, தேர்ச்சி வீதமாக இரண்டுக்கும் நடுவிலுள்ள 0.625, மாற்றம் 0.05, கிடைப்பது 1,500. ஒரு குழுவுக்கு மட்டும் அவ்வளவு. 10 சதவீதம் 12 ஆகிறதா என்று பார்க்கக் குழுவுக்குச் சுமார் 3,900 பேர். ஒரு பி.எட். வகுப்பின் 60 பேரை இரண்டாகப் பிரித்து ‘வேறுபாடு இல்லை’ என்று முடிவு கட்டும் ஆய்வேடுகள் எதைச் சொல்கின்றன? 30 பேரில் தெரியும் அளவுக்குப் பிரம்மாண்டமான வேறுபாடு இல்லை என்பதை மட்டும்.

பெரிய எண்ணிக்கை இருந்தாலும் நல்ல செய்தி வரும் என்று இல்லை. ரெனே கிசில்செக்கும் குழுவினரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டரை ஆண்டுகள், 247 ஆன்லைன் படிப்புகள், இரண்டரை லட்சத்துக்கு மேல் மாணவர்கள். எந்த நாள், எந்த நேரம் உட்கார்ந்து படிப்பேன் என்று தொடக்கத்திலேயே எழுதச் சொல்வது போன்ற சிறு தூண்டல்களைச் சோதித்தார்கள். இவை முந்தைய சிறு ஆய்வுகளில் நன்றாகப் பலித்தவை. பெரிய அளவில் பார்த்தபோது திட்டமிடச் சொன்னது முதல் சில வாரங்கள் மட்டுமே ஈடுபாட்டைக் கூட்டியது. முடித்தவர் எண்ணிக்கை ஏறவில்லை. இந்த விதமான ‘பலிக்கவில்லை’ முடிவுகள் இந்தத் துறைக்கு இன்னும் நிறைய வேண்டும்.

செலவுக் கணக்கு இங்கேதான் நுழைகிறது. பாடம் தயாரிப்பது ஒருமுறைச் செலவு. புத்தகம், திருத்துதல், தேர்வு எல்லாம் தலைக்கு இவ்வளவு. கற்பனையாக, தயாரிப்பு 40 லட்சம், தலைக்கு 800 ரூபாய் என்று வையுங்கள். 500 பேர் சேர்ந்தால் ஒருவருக்கு 8,800 ரூபாய், 20,000 பேர் சேர்ந்தால் 1,000. தொலைநிலைக் கல்வி மலிவு என்ற பேச்சு இந்த வகுத்தலிலிருந்து வருவது. இப்போது சேர்ந்தவரால் வகுக்காமல் தேறியவரால் வகுங்கள். 20,000 பேரில் 2,000 பேர் தேறினால் மொத்தச் செலவு 2 கோடி, தேறிய ஒருவருக்கு 10,000. அழைத்துப் பேச ஆசிரியர்களை நியமித்துத் தலைக்கு 1,400 ரூபாய் செலவழித்து, 4,000 பேர் தேறினால்? மொத்தம் 3 கோடியே 20 லட்சம், தேறியவருக்கு 8,000. கூடுதலாகச் செலவழித்த படிப்புதான் மலிவு. தேர்ச்சி 2,500 மட்டுமே ஆனால் 12,800, நட்டம். எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சற்று முன் சொன்ன சீட்டுக் குலுக்கல் சோதனைதான் காட்டும்.

விட்டவரிடமே கேட்டால் என்ன என்று தோன்றும். கேட்க வேண்டியதுதான், எப்போது, எப்படி என்பதில்தான் விஷயம். ஆறு மாதம் கழித்து அனுப்பும் கேள்வித்தாளுக்குப் பதில் போடுபவர் சிலரே. அந்தச் சிலரும் ‘நேரமில்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் ஷிஃப்ட் மாறியதும் இருக்கும், குழந்தைக்குக் காய்ச்சலும் இருக்கும், இரண்டாவது பாடத்தின் கணக்கு புரியாததும் இருக்கும். முதல் அசைன்மென்டைத் தவறவிட்ட பத்து நாளுக்குள் போன் செய்யுங்கள். ‘ஏன் விட்டீர்கள்’ என்று கேட்டால் மன்னிப்புக் கேட்கத் தொடங்குவார்கள். ‘கடைசியாகப் புத்தகத்தை எடுத்தது என்றைக்கு, எந்தப் பக்கம் வரை போனீர்கள், அன்று அதற்கப்புறம் என்ன நடந்தது’ என்று கேளுங்கள். பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது பேரிடம் பேசி, அதில் பதினைந்து பேர் 23ஆம் பக்கத்தைச் சொன்னால் திருத்த வேண்டியது அந்தப் பக்கத்தை.