ஓ.எம்.ஆரில் இன்னும் இரண்டு லேன் போட்டால் எத்தனை பேர் கூடுதலாகப் போகலாம்?

போக்குவரத்துப் பொறியியல் என் தொழில். ஓ.எம்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையை, அதாவது ராஜீவ் காந்தி சாலையை ஒட்டிய குடியிருப்போர் சங்கங்கள் கூட்டத்துக்கு அழைத்தால் போய்ப் பேசுவதுண்டு. எங்கே போனாலும் கேள்வி ஒன்றுதான்: "சார், இந்த ரோட்டை எப்ப அகலப்படுத்துவாங்க? மேம்பாலம் எப்ப வரும்?" பஸ்ஸைப் பற்றிய பேச்சு வருவது கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதுதான். அதுவும் பெரும்பாலும், வீட்டு வேலைக்கு வருகிற அம்மா தினமும் லேட்டாக வருகிறார் என்ற புகாராக இருக்கும்.

அகலப்படுத்தினால் நெரிசல் தீருமா என்பதை ஓ.எம்.ஆரில் இனிமேல் சோதிக்க வேண்டியதில்லை. சோதித்தாகிவிட்டது. 2000-ல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. பின்னாலேயே கம்பெனிகள் வரிசையாகத் தெற்கே இறங்கின. பழைய மாமல்லபுரம் சாலை தாங்கவில்லை. மத்திய கைலாஷ் முதல் சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டரை 6 வழிச்சாலையாக்கி, சர்வீஸ் ரோடும் போட்டு, 2008-ல் திறந்தார்கள். ஆரம்பத்தில் வண்டிகள் பறந்தன, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த வேகத்தை நம்பித்தான் நாவலூரிலும் படூரிலும் கேளம்பாக்கத்திலும் அடுக்குமாடிகள் எழும்பின. அப்படித் தள்ளிப்போய்க் குடியேறியவர்கள் அத்தனை பேரும் காலையில் அதே சாலைக்குத்தான் வருகிறார்கள். நடுவில் சுங்கச்சாவடிதான் நெரிசலுக்குக் காரணம் என்ற பேச்சு ஓடியது. பெருங்குடி உள்ளிட்ட நான்கு சாவடிகளில் 2021-ல் வசூல் நின்றது, நாவலூரில் 2023-ல். சாவடி போயிற்று, நெரிசல் போகவில்லை.

டுரான்டன், டர்னர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க நகரங்களின் தரவுகளை வைத்து 2011-ல் இதையே காட்டினார்கள். நெடுஞ்சாலை லேன்கள் எந்த விகிதத்தில் கூடுகின்றனவோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடுகிறது. பஸ் வேண்டும் என்று வாதாடுகிற எங்கள் ஆட்கள் மேற்கோளை இதோடு முடித்துக்கொள்வார்கள். அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருக்கிறது: பொதுப் போக்குவரத்தைக் கூட்டிய இடங்களிலும் வண்டி ஓட்டம் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஒருவர் காரை விட்டு ரயில் ஏறினால், அவர் விட்ட இடத்துக்கு இன்னொருவர் காரோடு வந்துவிடுகிறார். அதனால் "மெட்ரோ வந்துட்டா ரோடு காலியாயிடும்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். உங்கள் காருக்கு வழிவிடுவது பஸ்ஸின் வேலையும் இல்லை, மெட்ரோவின் வேலையும் இல்லை. நெரிசல் எப்படி இருந்தாலும் அதில் மாட்டாமல் ஊர்போய்ச் சேர ஒரு வழி, அவ்வளவுதான்.

சரி, எதை வைத்து முடிவெடுப்பது? சாலையில் வண்டிகளை எண்ணும்போது எல்லாவற்றையும் காருக்குச் சமமாக்கி ஒரே அலகில் எழுதுவோம். பி.சி.யு. என்பார்கள். நகரச் சாலைகளுக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் 1990-ல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 106 வழிகாட்டியில் கார் 1. இருசக்கர வண்டிகள் மொத்தத்தில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஒவ்வொன்றும் 0.75. பஸ், அதன் பங்கைப் பொறுத்து 2.2 முதல் 3.7 வரை. அதாவது ஒரு பஸ்ஸைத் தாளில் ஏற்றும்போது அது இரண்டு மூன்று காருக்குச் சமமான இடைஞ்சலாகத்தான் பதிவாகிறது. உள்ளே 60 பேர் இருப்பது அந்தத் தாளில் எங்கும் தெரியாது. ஆட்களை எண்ணும் தனி ஆய்வும் உண்டு. ஆனால் சாலைத் திட்டத்துக்கான வாதம் பி.சி.யு. அட்டவணையின் மேல்தான் கட்டப்படுகிறது. விவாதம் தொடங்கும் முன்பே பாதி முடிவு அங்கே எழுதியாகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

அதே வழிகாட்டியை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுவில் தடுப்புள்ள 6 வழிப் பிரதான சாலைக்கு, இரு திசையும் சேர்த்து, அது தரும் கொள்ளளவு மணிக்கு 5,400 பி.சி.யு. 8 வழி என்றால் 7,200. ஆக இரண்டு லேன் கூட்டினால் 1,800, காலையில் நெரிசலான திசைக்கு அதில் பாதி, 900. அந்த 900-ம் கார்கள், காருக்கு ஒன்றரை பேர் என்று வைத்தால் 1,350 பேர். எல்லாமே பைக், பைக்குக்கு 1.3 பேர் என்று வைத்தாலும் 1,200 வண்டியில் 1,560 பேர். நிலம் எடுத்து, கடைகளை இடித்து, கேபிளும் குடிநீர்க் குழாயும் மாற்றி, ஆண்டுக்கணக்கில் வேலை நடந்து முடிந்த பிறகு கிடைப்பது இவ்வளவுதான். 60 பேர் ஏறும் பஸ் என்றால் இது 23-லிருந்து 26 பஸ். மணிக்கு 26 பஸ் என்பது இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் ஒன்று.

அந்த 26 பஸ்ஸும் இதே நெரிசலில் நின்றால் பயனில்லை என்பீர்கள். உண்மைதான், விஷயமே அதுதான். இந்தச் சாலையில் ஓடும் 102-ஆம் எண் பஸ்ஸோ 570-ஓ ஒரு முறை போய்த் திரும்ப நான்கு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 பஸ் விட்டால் 20 நிமிடத்துக்கு ஒன்று வரும். தனி லேன் கொடுத்து அந்த நேரம் மூன்று மணியாகக் குறைந்தால், அதே 12 பஸ்ஸே 15 நிமிடத்துக்கு ஒன்றாக வரும். புது பஸ் வாங்கவில்லை, டிரைவர் எடுக்கவில்லை. சாலையில் பெயின்ட்டும் தடுப்பும், அதைக் காக்க நாலு போலீஸ்காரர்களும்தான் செலவு. நெரிசலில் பஸ் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் போக்குவரத்துக் கழகத்தின் டீசலும் சம்பளமும்தான் கரைகிறது. இது நஷ்டக் கணக்கில் வருகிறது, சட்டசபையில் கேள்வியாகிறது. சாலைக்கு நஷ்டக் கணக்கு எழுதும் வழக்கமே நம்மிடம் இல்லை. மேம்பாலம் மூலதனச் செலவு, ஒரு முறை ஒதுக்கித் திறப்பு விழா நடத்தலாம். பஸ் ஓட்டுவது ஆண்டுதோறும் வரும் செலவு, அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது.

இந்தச் சாலை யாருக்கானது என்ற கேள்வியும் இருக்கிறது. ஐ.டி. காரிடார் என்றே அழைத்துப் பழகிவிட்டதால், அதில் போகிறவர்கள் எல்லாம் ஐடி அட்டை தொங்கவிட்டவர்கள் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றும் இதே காரிடாரில்தான் இருக்கின்றன. நகரின் நடுவிலிருந்தும் கரையோரத்திலிருந்தும் பெயர்க்கப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. அவர்களுடைய வேலை மயிலாப்பூரிலும் அடையாறிலும் தி.நகரிலுமே இருந்துவிட்டது. 2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது அந்த வீடுகளுக்குப் பெரிய காரியம். ஆனால் டிக்கெட் இல்லாத பஸ்ஸும் நேரத்துக்கு வந்தால்தானே வேலைக்குப் போகலாம்?

சாலை வேலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. மழைநீர் வடிகால் வேண்டும், சந்திப்புகளைச் சீர்செய்ய வேண்டும், சரக்கு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் வழி வேண்டும். எந்த வேலை யாருக்கு உதவுகிறது என்று பிரித்துப் பார்க்கத்தான் சொல்கிறேன். சிக்னலை மூடி யூ-டர்ன் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். காரில் போகிறவருக்கு நிற்காமல் போகலாம். பஸ்ஸிலிருந்து இறங்கி எதிர்ப்பக்கம் போக வேண்டியவருக்கோ, வண்டிகள் நிற்கும் சிவப்பு விளக்கு என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. 6 லேன், அதற்கு வெளியே சர்வீஸ் ரோடு, எல்லாவற்றையும் கையைக் காட்டிக்கொண்டே ஓடிக் கடக்க வேண்டும். நடை மேம்பாலம் இருக்கிறதே என்பார்கள். மூட்டுவலிக்காரரையும் கைக்குழந்தைக்காரரையும் ஒரு தடவை ஏறச் சொல்லிப் பாருங்கள். அன்று மாலையே அவர் மகனிடம் "ஒரு ஸ்கூட்டி வாங்கிடலாம்பா" என்பார். அடுத்த சர்வேயில் 0.75 கூடும்.

தனி லேன் என்றால் உடனே டெல்லியைக் காட்டுவார்கள். அம்பேத்கர் நகர் – மூல்சந்த் பாதை 2008-ல் தொடங்கியது, 2016-ல் அகற்றப்பட்டது. நடுவே 2012-ல் அதை எதிர்த்த வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். அந்தப் பாதையில் குறைகள் இருந்தன. 6 கிலோமீட்டருக்கும் குறைவான நீளம், சிக்னலில் நீண்ட காத்திருப்பு, பஸ் லேனுக்குள் புகுந்த கார்கள். அதைவிடப் பெரிய குறை, பக்கத்து லேனில் நின்றுகொண்டிருந்த கார்க்காரர்களின் குரல் செய்தித்தாள்களில் ஏறியது, பஸ்ஸுக்குள் இருந்தவர்களின் குரல் ஏறவில்லை. அகமதாபாத்தில் 2009-ல் தொடங்கிய ஜன்மார்க் என்ற தனிப்பாதை பஸ் சேவை இன்றும் ஓடுகிறது. சென்னையில் இப்படி ஒரு பாதைகூட இல்லை, எனவே இங்கே தோற்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது.

இதை இப்போது எழுதக் காரணம் மெட்ரோ. 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டத்துக்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு வரும் பாதை ஓ.எம்.ஆர். நடுவே தூண்களில் போகிறது. மாதவரத்திலிருந்தே வரும் இன்னொரு பாதை சோழிங்கநல்லூரில் வந்து முடிகிறது. வேலைக்காக லேன்களை அடைத்து வைத்திருக்கிறார்கள். தகரத் தடுப்புகளை எடுக்கும்போது அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று தனியாக யாரும் முடிவெடுக்காவிட்டால், அது தானாகவே கார்களிடம் போய்விடும். பிறகு ஒரு லேனைப் பஸ்ஸுக்குக் கேட்டால் அது பறிமுதல் என்பார்கள். தடுப்பு எடுக்கும் நாளிலேயே இடதுபுற லேனைப் பஸ்ஸுக்கு ஒதுக்குவதுதான் சுலபம். மெட்ரோ நிலையத்துக்கு வந்துசேரவும் பெரும்பாக்கத்துக்காரருக்கும் படூர்க்காரருக்கும் அந்தப் பஸ்தான் வேண்டும்.

உங்கள் பகுதியில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் அகலம் எத்தனை மீட்டர் என்று கேட்பதற்கு முன்னால், நெரிசல் நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு எத்தனை ஆட்கள் போகிறார்கள், திட்டத்துக்குப் பிறகு எத்தனை பேர் போவார்கள் என்று கேளுங்கள். வண்டிக் கணக்கைக் காட்டினால் ஏற்காதீர்கள். மாநகரப் பஸ்கள் அந்தச் சாலையில் என்ன வேகத்தில் போகின்றன என்று கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். நடைபாதை எவ்வளவு அகலம் என்பதையும் மீட்டரில் சொல்லச் சொல்லுங்கள். நடந்து செல்வோருக்கான ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டி தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் கேட்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி நிற்கிற இடம் அந்தக் கணக்கில் சேராது.