அவுட் ஆனாலும் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்

போன வாரம் என்னிடம் கண் காட்ட வந்த பையனுக்கு வயது 21. கல்லூரி நண்பர்கள் பத்துப் பேர், பக்கத்துக்கு ஐந்து பேராகப் பிரிந்து பெயின்ட்பால் ஆடியிருக்கிறார்கள், சாய உருண்டைகளைத் துப்பாக்கியால் ஒருவர்மேல் ஒருவர் சுட்டு ஆடும் ஆட்டம். இவன் முதல் நிமிடத்திலேயே அவுட். கையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக வந்தவன், வலைக்கு உள்ளேயே நின்று, வியர்வையைத் துடைக்க மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றியிருக்கிறான். யாருக்கோ வைத்த குறி தவறி இவன் இடது கண்ணில் பட்டது. இரண்டு நாள் வீட்டில் ஐஸ் வைத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் அம்மாவோடு வந்தான்.

இந்த வருடம் எனக்கு இது மூன்றாவது கண். மூன்று பேரும் மாஸ்க் போட்டு ஆடியவர்கள்தான். மூன்று பேருக்கும் அதைத் தூக்கிய அந்தச் சில நொடிகளில்தான் அடிபட்டது.

டெல்டாவில் கண் மருத்துவம் பார்ப்பவர்களுக்குக் கண் காயம் புதிதில்லை. அறுப்பு நாட்களில் நெல்தாள் கீறி, அதில் பூஞ்சை பிடித்துப் புண்ணான கண்கள் வரும். கிட்டிப்புள் பட்ட கண், தீபாவளி வெடி பட்ட கண் வரும். அவர்களெல்லாம் பயந்துபோய் வருவார்கள். பெயின்ட்பால் பட்டவர்கள் மட்டும் “வெறும் பெயின்ட்தானே சார்” என்று நிதானமாக வருகிறார்கள். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அந்த அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்: “பெயின்ட் முழுசா போயிடுச்சா டாக்டர்?” அந்தச் சாயம் தண்ணீரில் கரைந்துவிடும், சட்டையில் பட்டால்கூட துவைத்தால் போய்விடும். அதைச் சுமந்துவரும் உருண்டையைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். ஜெலட்டின் உறை, சுமார் 17 மில்லிமீட்டர் குறுக்களவு, 3 கிராம் எடை. நொடிக்கு 300 அடி வரை வேகத்தில் வரும். மணிக்கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 330 கிலோமீட்டர்.

“கிரிக்கெட் பந்தே பட்டிருக்கு, ஒண்ணும் ஆகல” என்பார்கள் அடுத்து. உங்கள் கண்ணைச் சுற்றித் தடவிப் பாருங்கள். மேலே புருவ எலும்பு, கீழே கன்ன எலும்பு, பக்கத்தில் மூக்கு. கண் இருக்கும் குழியின் வாய் சுமார் 4 சென்டிமீட்டர் அகலம். கிரிக்கெட் பந்து 7 சென்டிமீட்டருக்கு மேல். அது வந்தால் பெரும்பாலும் எலும்பில் மோதி நிற்கும். எலும்பு உடையலாம், கண்ணும் கெடலாம், ஆனாலும் அடியின் பெரும்பங்கை எலும்பு வாங்கிக்கொள்ளும். பெயின்ட்பால் 17 மில்லிமீட்டர். எலும்பைத் தொடாமலே உள்ளே போய் முழு அடியையும் கண்ணிலேயே இறக்கும். பட்டவுடன் உடைகிற உருண்டைதானே என்கிறீர்களா? அழுத்திய பிறகுதான் உடைகிறது. பெரிய பந்தைவிடச் சின்ன உருண்டை கண்ணுக்கு ஆபத்து என்பதை ஒரு தடவை புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் நீங்களே யோசித்துக்கொள்வீர்கள்.

இந்தப் பையனுக்குக் கருவிழிக்குப் பின்னால் ரத்தம் தேங்கியிருந்தது. அது கரைந்துவிடும். ஆனால் விழித்திரைக்கு அடியில், பார்வையின் நடுப்புள்ளியிலேயே, ஒரு கிழிசல் விழுந்திருக்கிறது. எதிரே நிற்பவரின் காது தெரிகிறது, முகம் தெரியவில்லை. கண்ணாடி போட்டோ ஆபரேஷன் செய்தோ அதைத் திரும்பக் கொண்டுவர என்னால் முடியாது. இன்னொன்று, கண்ணுக்குள் நீர் வடியும் மூலை கிழிந்திருந்தால் பல வருடம் கழித்துக்கூட அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா வரலாம், வலியே இல்லாமல். அதனால் அவன் வருடா வருடம் அழுத்தம் பார்க்க வர வேண்டும். சிவப்பு போனதும் வருவதை நிறுத்திவிடுகிறவர்களை நினைத்துத்தான் எனக்குப் பெரிய கவலை.

பெயின்ட்பால் துப்பாக்கி, மரத்திலும் மாட்டிலும் தூரத்திலிருந்து அடையாளமிடச் செய்த கருவி. 1981-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் 12 பேர் அதை வைத்து முதல் ஆட்டம் ஆடினார்கள். வென்றவர் ஒரு குண்டுகூடச் சுடாமல் பதுங்கியே வென்றார். இன்றைய வேக ஆட்டம் வேறு. சின்ன மைதானம், அடிபட்டால் வெளியே, ஒரு சுற்று சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஓடி ஓடி மூச்சு வாங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மாஸ்க் உள்ளே ஆவி படிந்து கண் தெரியாது. எதிரி சுட்டது மாஸ்க்கிலேயே உடைந்தால் சாயம் வழிந்து மறைக்கும். கை தானாக மாஸ்க்குக்குப் போகும். நீங்கள் அவுட், ஆனால் மற்ற ஒன்பது பேருக்கு ஆட்டம் இன்னும் ஓடுகிறது.

ஆகவே, வலையைத் தாண்டி வெளியே வரும்வரை மாஸ்க் முகத்திலேயே இருக்கட்டும். தெரியவில்லையா, தடுப்புக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து நடுவரைக் கூப்பிடுங்கள், கையைப் பிடித்து அழைத்துப் போவார். அந்தச் சுற்று போனால் போகட்டும். ஆவி படியாத இரட்டை அடுக்கு மாஸ்க் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பட்டை தளர்ந்தது, கீறல் விழுந்தது வேண்டாம். கூலிங் கிளாஸ், நீச்சல் கண்ணாடி, ஹெல்மெட் எதுவும் இதற்கு ஆகாது.

சுற்று முடிந்ததும் துப்பாக்கி வாயில் உறை மாட்ட வேண்டும். செல்ஃபி எடுக்கும்போது ஒருவன் முகத்தில் மாஸ்க் இல்லை, பக்கத்தில் நிற்பவன் கையில் குண்டு நிரம்பிய துப்பாக்கி. தம்பிகளா, தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இடம் நடத்துகிறவர்கள் ஒவ்வொரு துப்பாக்கியின் வேகத்தையும் அளந்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அளக்கவில்லை என்றால் காசைத் திருப்பிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள், ஐஸையும் கண்மேல் வைத்து அழுத்த வேண்டாம். ஒரு பேப்பர் கப்பின் அடிப்பாகத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதன் ஓரம் எலும்பில் உட்காரும்படி கண்மேல் கவிழ்த்து ஒட்டுங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கூடாது, ரத்தக்கசிவு கூடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடாதீர்கள். ஆபரேஷன் தேவைப்படலாம், அதனால் டாக்டர் பார்க்கும்வரை சாப்பிடக் கொடுக்காதீர்கள். தலையை உயர்த்தி உட்கார வைத்து அன்றைக்கே கூட்டி வாருங்கள், ராத்திரியானாலும் சரி. தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே கண் மருத்துவப் பிரிவு உண்டு. பார்வை தெரிகிறதே என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள்.