பெயர் முப்பது, காற்று ஒன்று

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தை உரசிக்கொண்டு போனபோது, கடலுக்குச் சென்று திரும்பாத மீனவர்களைப் பற்றித்தான் நாடு பேசியது. அதுதான் நியாயமும். மலையோரத்தில் நடந்தது அவ்வளவாக வெளியே தெரியவில்லை. குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கங்களில் ரப்பர் மரங்கள் நடுவில் ஒடிந்தன. குலை தள்ளி நின்ற ஏத்தன் வாழைகள் தோட்டத்தோடு சாய்ந்தன. தென்னைகளும் விழுந்தன.

ஒரே பயிரை நம்பக் கூடாது என்று மூன்றையும் வைத்திருந்த விவசாயி முன்யோசனைக்காரர்தான். மூன்றுக்கும் சந்தை வேறு, வாங்குகிறவர் வேறு, விலை ஏறி இறங்கும் காரணம் வேறு. 2011-இல் கிலோவுக்கு 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர் 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனபோது, வாழையும் தென்னையும் இருந்த வீடுகள் ஓரளவு சமாளித்தன. ஒக்கியின்போது அந்தக் கணக்கு செல்லவில்லை. சந்தைக்கு அவை மூன்று பயிர்கள், காற்றுக்கு ஒன்றுதான். இழப்பிலிருந்து எழுந்து வரும் காலமும் ஒன்றுபோல் இல்லை: வாழை ஓராண்டில் மறுபடி குலை தள்ளும், ரப்பர் கன்று பால் வெட்டும் பருவத்துக்கு வர ஏழு ஆண்டுகள் ஆகும்.

மற்றவர்களின் பணத்தை முதலீடு செய்யும் நிதி மேலாளர்கள், தங்கள் கணிப்பின் மீதுள்ள நம்பிக்கையில் ஒரு சில இடங்களில் மட்டும் பணத்தைக் குவிக்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. எத்தனை பங்குகள் என்று எண்ணிப் பார்த்து ஆபத்தை அளக்க முடியாது. அவற்றை ஒரே நாளில் சாய்க்கக்கூடிய காரணங்கள் எத்தனை என்று பார்க்க வேண்டும்.

இதற்குக் கணித உருவம் கொடுத்தவர் ஹாரி மார்க்கோவிட்ஸ். 1952-இல் இதைப் பற்றிய அவரது ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு வயது 24. 1990-இல் இருவரோடு சேர்ந்து பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அவர் சொன்னது இதுதான்: ஒரு முதலீட்டுத் தொகுப்பின் ஆபத்து, அதிலுள்ள பங்குகளின் ஆபத்துகளுடைய சராசரி அல்ல. அந்தப் பங்குகள் எவ்வளவு தூரம் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்குகின்றன என்பதையும் பொறுத்தது. பள்ளிப் புள்ளியியலில் வரும் ஒட்டுறவுக் கெழு இங்கேதான் வேலைக்கு வருகிறது. இரண்டு பங்குகள் எப்போதும் சேர்ந்தே நடந்தால் அது 1. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லையென்றால் 0.

ஒவ்வொரு பங்கின் ஆண்டு ஏற்ற இறக்கமும், அதாவது திட்ட விலக்கமும், 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எந்த இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.3. பணத்தைச் சமமாகப் பிரித்தால், 5 பங்குகளில் தொகுப்பின் ஏற்ற இறக்கம் சுமார் 26.5 சதவீதமாகக் குறைகிறது. 10 பங்குகளில் 24.3, 30 பங்குகளில் 22.7. அதற்கு மேல் எத்தனை நூறு பங்குகளைச் சேர்த்தாலும் ஏறக்குறைய 22-க்குக் கீழே இறங்காது. மீதி இருப்பது எல்லாப் பங்குகளுக்கும் பொதுவான ஆபத்து. அதைப் பிரித்துக் கரைக்க முடியாது.

குவித்து முதலீடு செய்வதை ஆதரிப்பவர்கள் விரும்பிக் காட்டும் கணக்கு இதுவே. பத்துக்கும் முப்பதுக்கும் வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தானே, நன்றாகத் தெரிந்த பத்தில் போட்டால் போதாதா என்பது அவர்கள் கேள்வி. கணக்கு சரி. ஆனால் அதற்குள் மூன்று அனுமானங்கள் இருக்கின்றன, மூன்றும் நிஜத்தில் நிற்பதில்லை.

முதலாவது, பணம் சமமாகப் பிரிந்திருக்கிறது என்பது. ஒரு தொகுப்பில் 30 பங்குகள் இருந்து, ஒன்றில் மட்டும் 40 சதவீதமும் மீதி 29-இல் தலா சுமார் 2 சதவீதமும் இருந்தால், அது எத்தனை பங்குகளுக்குச் சமம்? ஒவ்வொரு பங்கின் பங்களிப்பையும் பின்னமாக எழுதி, வர்க்கப்படுத்திக் கூட்டி, 1-ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் விடை கிடைக்கும். இங்கே அது 6-ஐக்கூட எட்டாது. பட்டியலில் முப்பது, நடைமுறையில் ஆறு.

இப்படி ஒரு பங்கு வீங்குவதற்கு மேலாளர் பேராசைக்காரராக இருக்க வேண்டியதில்லை. வெற்றியே போதும். அமெரிக்காவில் 1970 முதல் இயங்கும் செக்கோயா ஃபண்ட், நிதானத்துக்குப் பேர்போனது. அது வேலியன்ட் என்ற மருந்து நிறுவனத்தின் பங்குகளை மலிவாக இருந்த காலத்தில் வாங்கியது. விலை பல மடங்கு ஏறியதில் 2015-க்குள் ஃபண்டின் ஏறக்குறைய 30 சதவீதம் அந்த ஒரே பங்காகிவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் 260 டாலரைத் தாண்டிய பங்கு, மருந்துகளின் விலையேற்றமும் விற்பனை முறைகளும் கேள்விக்குள்ளானதும், ஓராண்டுக்குள் 30 டாலருக்கும் கீழே கிடந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பங்கைப் பாதி விற்றுவிடலாம் என்று சொல்ல எந்தக் கூட்டத்திலும் யாருக்கும் வாய் வருவதில்லை.

இரண்டாவது அனுமானம், ஒட்டுறவு 0.3-லேயே நிற்கும் என்பது. அமைதியான நாட்களில் அளந்த எண் அது. பீதி வந்ததும் எல்லோரும் எல்லாவற்றையும் விற்கிறார்கள், ஒட்டுறவு 0.8 ஆனால், அதே 30 பங்குகளின் ஏற்ற இறக்கம் 23-இலிருந்து 36-க்குத் தாவுகிறது. இந்தப் பாடத்தை விலை கொடுத்துக் கற்றது எல்டிசிஎம் என்ற அமெரிக்க ஹெட்ஜ் ஃபண்ட், அதாவது பெரும் பணக்காரர்களிடமும் நிறுவனங்களிடமும் மட்டும் பணம் வாங்கி முதலீடு செய்யும் அமைப்பு. 1997-இல் நோபல் பரிசு பெற்ற மைரான் ஷோல்ஸும் ராபர்ட் மெர்ட்டனும் அதன் பங்குதாரர்கள். பல நாடுகளில், பல வகைப் பத்திரங்களில் பரவியிருந்தது அவர்களது முதலீடு. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருந்த பந்தயம் ஒன்றே: ஒன்றையொன்று ஒத்த பத்திரங்களுக்கு இடையிலான விலை வித்தியாசங்கள் காலப்போக்கில் சுருங்கும். 1998 ஆகஸ்டில் ரஷ்யா கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியதும் வித்தியாசங்கள் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் விரிந்தன. சொந்தப் பணத்தைப்போல் இருபது மடங்குக்கும் மேல் கடன் வாங்கியிருந்தார்கள். சில மாதங்களில் 400 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது. கடைசியில் 14 வங்கிகள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டு அதைத் தாங்கிப் பிடித்தன.

மூன்றாவது அனுமானத்தைத்தான் பலரும் கவனிப்பதில்லை: விற்க நினைத்தால் விற்கலாம் என்பது. நீங்களோ நானோ ஆயிரம் பங்குகளை விற்றால் சந்தைக்குத் தெரியாது. ஒரு நிறுவனத்தின் பங்குகளில் பத்தில் ஒன்றை வைத்திருப்பவர் விற்கத் தொடங்கினால், அவர் விற்பதே விலையை இறக்கிவிடும். அவருடைய கணக்கேட்டில் உள்ள மதிப்பு, அவர் விற்காதவரை மட்டும் செல்லுபடியாகும் மதிப்பு.

2021 மார்ச்சில் ஆர்கெகோஸ் விழுந்த விதத்தில் இந்த இயக்கம் முழுவதையும் பார்க்கலாம். பில் ஹுவாங் என்பவரின் சொந்தச் செல்வத்தை நிர்வகித்த நிறுவனம் அது. வயாகாம்சிபிஎஸ், டிஸ்கவரி, சில சீன நிறுவனங்கள் என்று ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் பங்குகளில் பிரம்மாண்டமாகப் பந்தயம் கட்டியிருந்தார். பெரும்பாலும் பங்குகளை நேரடியாக வாங்கவில்லை. வங்கி தன் பெயரில் வாங்கி வைத்துக்கொள்ளும். விலை ஏறினால் லாபம் ஹுவாங்குக்கு, இறங்கினால் நஷ்டத்தை அவர் கட்ட வேண்டும். முன்பணமாக ஒரு பகுதி மட்டும் கொடுத்தால் போதும். இதே ஒப்பந்தத்தைப் பல வங்கிகளோடு தனித்தனியே செய்துகொண்டார். ஒவ்வொரு வங்கிக்கும் தான் செய்த ஒப்பந்தம் மட்டுமே தெரியும், மொத்தம் எவ்வளவு என்பது தெரியாது.

அவர் வாங்க வாங்க விலை ஏறியது. ஏறிய விலையைக் காட்டி மேலும் வாங்கினார். மார்ச் 22 அன்று வயாகாம்சிபிஎஸ், ஏறிக் கிடந்த விலையைப் பயன்படுத்திக்கொண்டு, 300 கோடி டாலருக்குப் புதிய பங்குகளை விற்கப்போவதாக அறிவித்தது. விலை சரிந்தது. வங்கிகள் கூடுதல் முன்பணம் கேட்டன. கொடுக்கப் பணமில்லை. முதலில் விற்ற வங்கிகள் பெரிய காயமில்லாமல் தப்பின. தாமதித்த கிரெடிட் சுவிஸ் சுமார் 550 கோடி டாலரையும், நோமுரா சுமார் 290 கோடி டாலரையும் இழந்தன. அந்த வாரத் தொடக்கத்தில் இருந்த விலையில் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிட்டது வயாகாம்சிபிஎஸ். ஹுவாங்குக்கு 2024-இல் 18 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வங்கிகளிடம் பொய் சொன்னதும் சந்தையைத் திரித்ததும் குற்றச்சாட்டுகள். ஒரு சில பங்குகளில் பணத்தைக் குவித்தது தனியே எந்த ஊரிலும் குற்றமல்ல.

நம் நாட்டில் 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் என்ற மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனம் தன் ஆறு கடன் பத்திரத் திட்டங்களை மூடுவதாக அறிவித்தது. சுமார் 25,000 கோடி ரூபாய் முடங்கியது. அதிக வட்டி தரும், தரமதிப்பீடு குறைந்த நிறுவனங்களின் பத்திரங்களில் இந்தத் திட்டங்கள் நிறைய முதலீடு செய்திருந்தன. அதே நிறுவனங்களின் பத்திரங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட திட்டங்களில் திரும்பத் திரும்ப இருந்தன. ஆறு பெயர்களில் ஆறு திட்டங்கள் வைத்திருந்தவர் தன் பணத்தைப் பிரித்து வைத்திருப்பதாகவே நினைத்திருப்பார். கொரோனா ஊரடங்கில் அப்படிப்பட்ட பத்திரங்களை வாங்க ஆளில்லாமல் போனது. பணம் பிற்பாடு தவணை தவணையாகத் திரும்பி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நாகர்கோவிலில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒருவர் அதில் போட்டு வைத்திருந்தால், கட்டணம் கட்டும் நாளில் அது அவர் கையில் இல்லை.

இனி கொஞ்சம் கணக்கு. மேலாளரின் கணிப்பு உண்மையிலேயே நல்லது என்று வைத்துக்கொண்டாலும், எவ்வளவு போடலாம்? பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜான் கெல்லி 1956-இல் இதற்கு விடை கண்டார். நூறில் 60 முறை தலை விழும் ஒரு காசு உங்களிடம் இருக்கிறது. வென்றால் போட்டது இரட்டிப்பாகும், தோற்றால் போட்டது போகும். ஒவ்வொரு சுண்டலுக்கும் கையிலுள்ளதில் 20 சதவீதம் போட்டால் பணம் மிக வேகமாக வளரும்: சராசரியாகச் சுண்டலுக்கு 2 சதவீதம். அதில் பாதியை, அதாவது 10 சதவீதத்தைப் போட்டாலும் 1.5 சதவீத வளர்ச்சி கிடைக்கும். துணிச்சலோடு 40 சதவீதம் போட்டால்? நீண்ட காலத்தில் பணம் மெல்லத் தேய்கிறது. காசு உங்களுக்குச் சாதகமானதுதான், நீங்கள் சொன்னது சரிதான். அளவு மிஞ்சியதால் மட்டும் தோற்கிறீர்கள். பாதி இழந்தவர் பழைய நிலைக்கு வர 50 சதவீத லாபம் போதாது, 100 சதவீதம் வேண்டும். அந்தச் சமனின்மைதான் காரணம்.

இதைவிட என்னை உறுத்தும் கணக்கு ஒன்று இருக்கிறது. 60 என்று நம்பி 20 சதவீதம் போடுகிறீர்கள்; உண்மையில் அந்தக் காசு 55 முறைதான் தலை விழும் என்றால் வளர்ச்சி கிட்டத்தட்ட பூஜ்யம். தன்னம்பிக்கை ஐந்து புள்ளி கூடியதற்கு முழு லாபமும் அபராதமாகப் போகிறது. பங்குச்சந்தையில் தன் கணிப்பு நூறுக்கு 55-ஆ 60-ஆ என்று துல்லியமாக அறிந்த மேலாளர் யாரும் இல்லை.

பிறகு ஏன் செய்கிறார்கள்? ஹெட்ஜ் ஃபண்டுகளின் வழக்கமான ஊதியம், ஆண்டுக்கு 2 சதவீதக் கட்டணமும் லாபத்தில் 20 சதவீதமும். லாபம் வந்தால் மேலாளருக்குப் பங்கு உண்டு. நஷ்டத்தில் பங்கு கிடையாது. மியூச்சுவல் ஃபண்டில் இந்த அமைப்பு இல்லையென்றாலும், தரவரிசையில் முதலிடம் வந்த ஃபண்டுக்குப் பணம் கொட்டுகிறது, கட்டணமும் கூடுகிறது. நடுவில் நிற்பவருக்கு எந்தக் கவனமும் இல்லை. நூறு பேர் ஆளுக்கொரு பெரிய பந்தயம் கட்டினால் தற்செயலாகவே சிலர் ஜெயிப்பார்கள். அவர்களைத்தான் பேட்டி எடுப்பார்கள். தோற்றவர்களின் ஃபண்டுகள் வேறொன்றோடு இணைக்கப்பட்டுப் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும்.

பங்குகளின் இயல்பும் குவிப்பவருக்கு எதிராக இருக்கிறது. ஹென்ட்ரிக் பெசெம்பைண்டர் என்ற பேராசிரியர் 1926 முதலான அமெரிக்கப் பங்குகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவு இது: அரசுக் குறுகியகாலப் பத்திரங்களைவிடப் பங்குச்சந்தை கூடுதலாகத் தந்த செல்வம் முழுவதையும் உருவாக்கியவை சுமார் 4 சதவீத நிறுவனங்கள். பெரும்பாலான பங்குகள் தங்கள் ஆயுளில் அந்தப் பத்திரங்களைக்கூட மிஞ்சவில்லை. பத்துப் பங்குகளை மட்டும் பிடித்தால் அந்த 4 சதவீதத்தில் ஒன்றுகூட இல்லாமல் போகும் வாய்ப்பே அதிகம். தேர்ந்தெடுக்கும் திறன் உண்மையிலேயே உள்ளவருக்கு இது பொருந்தாது என்பார்கள். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டைக் காட்டுவார்கள். 2023 இறுதியில் அவருடைய பெர்க்ஷயரின் பங்கு முதலீடுகளில் ஏறக்குறைய பாதி ஆப்பிள் மட்டுமே. ஆனால் பெர்க்ஷயர் ஒரு நிறுவனம். அதன் பங்குதாரர் தன் பங்கை இன்னொருவருக்கு விற்கலாமே தவிர, என் பணத்தைத் திருப்பிக் கொடு என்று அந்த நிறுவனத்திடம் போய் நிற்க முடியாது. மியூச்சுவல் ஃபண்டில் அப்படி நிற்கலாம், நிற்கவும் செய்வார்கள், அதுவும் விலை விழுந்த நாளில்.

இந்தியாவில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிகள் இந்த ஆபத்தை ஓரளவு கட்டிவைத்திருக்கின்றன. சாதாரணப் பங்குத் திட்டம் ஒன்று, ஒரே நிறுவனத்தின் பங்கில் தன் சொத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஒரு ஃபண்ட் நிறுவனத்தின் எல்லாத் திட்டங்களும் சேர்ந்து, எந்த நிறுவனத்தின் வாக்குரிமைப் பங்கிலும் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. குவிப்பதையே கொள்கையாகக் கொண்ட ஃபோகஸ்டு திட்டங்களுக்கு உச்சவரம்பு 30 பங்குகள். துறை சார்ந்த திட்டங்கள் தனி ரகம். ஒரே துறை என்று பெயரிலேயே சொல்லிவிட்டுத்தான் பணம் வாங்குகின்றன, ஆகவே அவற்றை எண்ணிக்கையால் எடை போடுவதில் பொருளில்லை.

ஒவ்வொரு திட்டமும் மாதந்தோறும் தன் பங்குப் பட்டியலை வெளியிட வேண்டும். போன வருடம் எது அதிகம் தந்தது என்று முகவரிடம் கேட்பதற்கு முன், நாகர்கோவிலில் இருந்தாலும் மார்த்தாண்டத்தில் இருந்தாலும், கைப்பேசியில் அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கலாம். முதல் பத்துப் பங்குகளில் எத்தனை சதவீதம் என்று கூட்டுங்கள். பிறகு, உங்களிடம் உள்ள மற்றத் திட்டங்களின் பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள். நான்கு ஃபண்டுகளில் எஸ்ஐபி, அதாவது மாதத் தவணை முதலீடு, கட்டுகிறவர், நான்கிலும் அதே தனியார் வங்கிகளும் அதே மென்பொருள் நிறுவனங்களும் முன்வரிசையில் இருப்பதைக் கண்டால் ஆச்சரியப்பட வேண்டாம்; பெரிய நிறுவனங்களில் முதலீடு செய்யும் திட்டங்களில் அது சாதாரணம்.

சிறு, நடுத்தர நிறுவனங்களின் பங்குகளில் முதலீடு செய்யும் திட்டங்களுக்கு 2024 மார்ச் முதல் இன்னொரு அறிக்கையும் உண்டு. தொகுப்பில் கால் பங்கை விற்க எத்தனை நாள் ஆகும், பாதியை விற்க எத்தனை நாள் ஆகும் என்று அவை சொல்ல வேண்டும். பயனுள்ள எண்தான், பாருங்கள். ஆனால் அந்த நாட்களைக் கணக்கிடும்போது, விற்பதற்கு மிகக் கடினமான 20 சதவீதப் பங்குகளை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள்.