கிழிந்த டயருக்கு ஒரு துண்டுத் தோல்

பேரணாம்பட்டிலிருந்து குடியாத்தம் போகிற வழியில் பாட்டில் கண்ணாடி ஒன்று என் சைக்கிளின் பின் டயரைப் பக்கவாட்டில் கிழித்துவிட்டது. இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். டியூப் தப்பித்தது. ஆனால் கிழிசல் வழியே நெல்லிக்காய் அளவுக்குப் பிதுங்கி, ஃபிரேமில் உரச ஆரம்பித்தது.

பஞ்சர் கடைக்காரர், டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்க, தோல் ஷாப்புக் கழிவிலிருந்து ஒரு துண்டைத் தேடி எடுத்தார்.

"பழைய டியூப் துண்டு போதாதாண்ணே?"

"ரப்பர் வச்சா அதுவும் சேர்ந்து ஊதிக்கும் தம்பி. தோல்தான் நிக்கும்."

விஷயம் அவ்வளவுதான். டியூபின் வேலை காற்றை விடாமல் வைத்திருப்பது மட்டும். வெளியே எடுத்துக் காற்றடித்தால் நாலு அடியிலேயே பலூன் போல வீங்கிவிடும். அழுத்தத்தைத் தாங்குவது டயருக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பதிந்திருக்கும் நைலான் நூல்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 பவுண்டு காற்று, அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தம் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.8 கிலோ. டயர் 4 செ.மீ. பருமன், அதில் பாதி 2. இரண்டையும் பெருக்கினால், சுவரின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் கிட்டத்தட்ட 5.6 கிலோ இழுவையைச் சுமக்கிறது. ரிம் வாக்கில் 2 செ.மீ. கிழிந்தால் 11 கிலோ இழுவை கிழிசலின் இரு முனைகளில் இருக்கும் நூல்கள் மேல் ஏறும். கிழிசல் நாளுக்கு நாள் நீள்வது இதனால்தான்.

தோலில் நார்கள் எல்லாப் பக்கமும் பின்னிக் கிடப்பதால் ரப்பரைப் போல நீளாது. அவர் ஓரங்களைக் கத்தியால் மெல்லியதாகச் சீவினார். தடித்த ஓரம் டியூபைத் தேய்த்தே ஓட்டை போட்டுவிடும். சொல்யூஷன் கொஞ்சம்தான் தடவினார். அது துண்டு நகராமல் இருக்க மட்டும். காற்று ஏறிய பிறகு 4க்கு 6 செ.மீ. துண்டை டயரோடு சேர்த்து அழுத்துவது சுமார் 67 கிலோ. அந்த அழுத்தத்தில் உராய்வே பிடித்துக்கொள்ளும்.

தோல் கிடைக்காத ஊரில் பழைய டயரின் பக்கச்சுவர், மூன்றாக மடித்த சிமெண்டு சாக்கு எதுவும் உதவும். ரூபாய் நோட்டும் பருத்தித்தாள்தான், வீடு வரை தாங்கும், மனசு வரணும். அப்புறம், காற்றை 30 பவுண்டுக்குக் குறைத்தால் இழுவையில் கால் பங்கு குறையும். டியூபுக்குப் பதில் வைக்கோல் திணிப்பதை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் அது நசுங்கும், கடைசியில் ரிம் அடிவாங்கும்.

தோலுக்கு எதிரி தண்ணீர். ஐப்பசி மழைக்குப் பிறகு கழற்றிப் பார்த்தேன். துண்டு ஊறித் தளர்ந்திருந்தது. கிழிசலின் அச்சு அதன் மேல் மெல்லிய மேடாக எழும்பியிருந்தது.