வில் நின்ற பின்னும் ஒலிக்கும் நிக்கல்ஹார்ப்பா

ஸ்வீடன் நாட்டு இசைக்கருவியான நிக்கல்ஹார்ப்பாவில் வில்லை எடுத்த பிறகும் நாதம் நீடிக்கிறதே, உள்ளே மின்கருவி ஏதேனும் பொருத்தியிருக்கிறார்களா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதில் இருப்பவை மரமும் தந்தியும் மட்டுமே.

வில்லால் வாசிக்கப்படும் இக்கருவியில் இடக்கை விரல்கள் தந்தியைத் தொடுவதில்லை. கழுத்தின் அடிப்புறத்திலுள்ள மரக்கட்டையை அழுத்தினால், அதில் நிற்கும் சிறு முளை தந்தியில் பதிந்து அதிரும் நீளத்தைக் குறைக்கிறது. விரலை எடுத்ததும் கட்டை தன் எடையாலேயே கீழிறங்கிவிடுகிறது. இன்றைய கருவியில் பெரும்பாலும் 16 தந்திகள் உண்டு. மூன்றில் மெட்டு, ஒன்றில் கீழ்ச்சுதி. எஞ்சிய 12 தந்திகளை வில்லும் தொடாது, விரலும் தொடாது. இவையே பரிவுத் தந்திகள்.

வில் பட்ட தந்தியின் அதிர்வு குதிரையை, அதாவது தந்திகளைத் தாங்கும் சிறு மரப்பாலத்தை, அசைக்கிறது. பரிவுத் தந்திகளும் அதே குதிரையின் மீது அமைந்திருப்பதால் பன்னிரண்டுக்கும் அந்த அசைவு எட்டுகிறது. ஆனால் எல்லாத் தந்திகளும் இசைந்து அதிர்வதில்லை. வாசிக்கப்படும் சுரம் 440 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 440 அதிர்வுகள், எனக் கொள்வோம். 220 ஹெர்ட்ஸில் சுதி கூட்டப்பட்ட தந்தி, நடுப்புள்ளி அசையாமல் நிற்க, இரண்டு பாதிகளாகப் பிரிந்து அதிரும். ஏறத்தாழ 147 ஹெர்ட்ஸில் நிற்கும் தந்தியோ மூன்று பகுதிகளாக அதிரும். பொருந்தும் தந்தியில் குதிரையின் ஒவ்வொரு உந்துதலும் உரிய கணத்தில் வந்து சேர்ந்து அதிர்வை வளர்க்கிறது; இதுவே ஒத்ததிர்வு. பொருந்தாத தந்தியில் முந்தைய உந்துதல் தந்ததைப் பிந்தையது பறித்துக்கொள்கிறது.

என்னை மிகவும் கவர்வது இதன் அடுத்த படி. ஆற்றலை மெல்ல இழக்கும் தந்திதான் நெடுநேரம் ஒலிக்கும். அத்தகைய தந்திதான், அதிர்வெண் சற்றே விலகினாலும் அசைய மறுக்கும். நீண்ட நாதம் வேண்டுமென்றால் மிகத் துல்லியமான சுதியும் வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைப் பெற இயற்பியல் இடம் தருவதில்லை. சித்தாரில் தரப் எனப்படும் பரிவுத் தந்திகளுக்கும் இதுவே விதி.

ஸ்வீடனின் கோட்லாந்து தீவிலுள்ள ஒரு தேவாலய வாயிலில், சுமார் 1350-ஐச் சேர்ந்த புடைப்புச் சிற்பம் இக்கருவியின் மூதாதையைக் காட்டுவதாகக் கருதப்படுகிறது. பின்னர் உப்லாந்து மாகாணத்தில் வேரூன்றிய இது, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கார்டியன் போன்ற கருவிகளின் முன் மங்கத் தொடங்கியது. 1929-இல் ஆகஸ்ட் போலின் அனைத்து அரைச்சுரங்களையும் வாசிக்கத்தக்க வடிவத்தை உருவாக்கினார். அதைச் செம்மைப்படுத்தியும் வாசித்தும் பரப்பியவர் எரிக் சால்ஸ்ட்ரோம். ஒரு ஸ்தாயியின் 12 அரைச்சுரங்களுக்கும் ஒவ்வொரு பரிவுத் தந்தி துணை நிற்கும் இன்றைய அமைப்பு, எந்தச் சுரத்தையும் துணையின்றி விடுவதில்லை. பழமையை அப்படியே மீட்டதால் அல்ல, இவ்வாறு துணிந்து மாற்றியதால்தான் இக்கருவி பிழைத்தது என்பது என் உறுதியான கருத்து.

1998-இல் டோபோ என்னும் ஊரில் தொடங்கப்பட்ட எரிக் சால்ஸ்ட்ரோம் நிறுவனத்தில் வாசிப்புடன் கருவி செய்யும் கலையும் கற்பிக்கப்படுகிறது. நாட்டார் கருவிகளின் ஒலியியலுக்கும் தச்சுக்கும் அரசுகள் இப்படிச் சேர்த்தே நிதி ஒதுக்க வேண்டும். குதிரையைச் செதுக்கும் கை இல்லாத ஊரில், ஒத்ததிர்வுச் சமன்பாடு எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தாலும் நிக்கல்ஹார்ப்பா உருவாகாது.