டீ ட்ரீ எண்ணெய்: குப்பிக்குள் நடப்பது என்ன?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஃபேன்சி ஸ்டோர்களில் ஃபேஸ்வாஷ் அடுக்கைப் பார்த்தால் ‘டீ ட்ரீ’ கண்ணில் படாமல் போகாது. நாம் குடிக்கும் டீக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா என்ற ஆஸ்திரேலிய மரத்தின் எண்ணெய் இது. கொய்யா, நாவல், தைலமரம் எல்லாம் இதன் பங்காளிகள். மூடியைத் திறந்தால் தைல வாடை அடிப்பதில் ஆச்சரியமில்லை.

நியூ சவுத் வேல்ஸின் வடகிழக்கில், நீர் தேங்கும் இடங்களில் வளரும் மரம். அங்குள்ள பண்ட்ஜலங் பழங்குடியினர் இதன் இலையைக் கசக்கிப் புண்ணுக்குப் போட்டார்கள். 1920களில் சிட்னி வேதியியலாளர் ஆர்தர் பென்ஃபோல்ட் எண்ணெயைச் சோதித்து, அப்போது வழக்கத்தில் இருந்த கார்பாலிக் அமிலம் என்ற கிருமிநாசினியைவிடப் பல மடங்கு வீரியமானது என்று எழுதினார். அப்புறம்தான் வியாபாரம் சூடு பிடித்தது.

இலையையும் இளங்கிளையையும் நீராவியில் வடித்தால், 100 கிலோவுக்கு ஒன்றிரண்டு கிலோ எண்ணெய் தேறும். அதில் ஏறக்குறைய 100 வேதிப்பொருள்கள். வேலை செய்வதில் முக்கியமானது டெர்பினென்-4-ஆல். நல்ல எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதுதான். கிருமியின் செல்லைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு உண்டு. டெர்பினென்-4-ஆல் கொழுப்பில் எளிதில் கரையும் என்பதால் சவ்வுக்குள் புகுந்து அதைத் தளர்த்திவிடும். உள்ளே இருக்கும் பொட்டாசியம் கசியும், சுவாசம் நிற்கும், கிருமி சாகும். பூஞ்சைக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான்.

1990இல் ஆஸ்திரேலியாவில் முகப்பரு உள்ள 124 பேரிடம் 5% டீ ட்ரீ ஜெல்லையும், பருவுக்கு வழக்கமாகப் பூசும் மருந்தான பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டார்கள். இரண்டுமே பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாகத்தான் வேலை செய்தது, ஆனால் எரிச்சல் குறைவு. காசிமேட்டில் நாள் முழுக்க ஈரத்தில் நிற்பவர்களுக்கு விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கும் ஓரளவு கேட்கும். தொடையிடுக்கில் பரவும் படர்தாமரைக்கு இதை நம்பி உட்காராமல், ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் ஓபியில் ஒரு சீட்டு போடுவதே புத்திசாலித்தனம்.

உண்மையான சிக்கல் குப்பியில்தான். காற்றும் வெளிச்சமும் பட்டால் எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைந்து, அஸ்காரிடோல், பெராக்சைடு போன்றவை உருவாகும். ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் இவைதான். நம்மூர் வெயிலில் ஜன்னலோரம் வைத்த பழைய பாட்டில் மருந்தல்ல, வம்பு. பழுப்புக் கண்ணாடிக் குப்பியாகப் பார்த்து வாங்கி, இறுக மூடி, நிழலில் வையுங்கள். அப்படியே பூசாமல் தேங்காய் எண்ணெயில் கலந்து, முதலில் முழங்கையின் உட்புறம் தடவிப் பாருங்கள். குடிக்கவே கூடாது, கொஞ்சம் உள்ளே போனாலே குழந்தைகளுக்கு மயக்கமும் தள்ளாட்டமும் வரும். உண்ணி போக்குகிறேன் என்று பூனை மேல் தடவுபவர்களும் இருக்கிறார்கள். அதற்கும் இது விஷம்தான்.