பழைய கேசட்டை டெக்கில் போட்டுப் பார்க்காதீர்கள்

“சும்மா ஒரு தடவ டெக்ல போட்டுப் பாத்தோம். கொஞ்ச நேரம் நல்லா ஓடுச்சு, அப்பறம் சிக்கிக்கிருச்சு.” பழைய கல்யாண வீடியோ கேசட்டை ஃபைலாக மாற்ற, காரைக்குடியில் என் கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. டெக் என்பது அந்தக் கேசட்டை ஓட்டும் வி.சி.ஆர். கேட்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா!

எங்கள் பக்கத்து வீடுகள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். வீடு வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். பிள்ளையார் நோன்புக்கோ ஓர் அறுபதாம் கல்யாணச் சாந்திக்கோ திறந்தால், உள் அறையில் பித்தளைச் சாமானுக்கு நடுவே நாலைந்து கேசட் அகப்படும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றோட்டமில்லாத அந்த அறை ஈரம் கோத்துவிடும். கேசட்டுக்குள் இருப்பது அரை அங்குல அகல பாலியஸ்டர் நாடா. காந்தத் துகளை அதன்மேல் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி, வருஷக்கணக்கில் இளகிப்போகும். கூடவே பூசணமும் பிடிக்கும்.

பூசணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். கேசட்டின் ஜன்னலை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். சுருளின் விளிம்பு கறுப்பாக, வழுவழுவென்று மினுங்கினால் நல்லது. அரிசிமாவு தூவினதுபோலவோ ஒட்டடை படிந்ததுபோலவோ வெள்ளையாகத் தெரிந்தால் ஓட்டவே கூடாது. டெக்குக்குள், நாடாவிலிருந்து படத்தைப் படிக்கும் ஹெட் இருக்கும் டிரம் நிமிஷத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது. பூசணம் அதில் அப்பினால் படம் மறையும். ஒட்டிக்கொண்ட நாடா இழுபட்டுக் கிழியும். அடுத்துப் போடும் கேசட்டுக்கும் அது தொற்றும்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இப்படி ஒன்றைப் பார்க்காமல் போட்டேன். கிழிந்த இடம் திருப்பூட்டு, அதாவது தாலி கட்டும் இடம். ஒட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் கை கழுத்துக்குப் போகிறது. அடுத்த நொடி எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். நடுவில் இருந்தது போயே போய்விட்டது. அந்த ஆச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றிலிருந்து, அடியில் இருக்கும் 5 ஸ்குருவைக் கழற்றி உள்ளே பார்க்காமல் எந்தக் கேசட்டையும் நான் ஓட்டுவதில்லை.

வத்தல் காயப்போடுவதுபோல் முற்றத்து வெயிலில் வைக்காதீர்கள். சூட்டில் நாடா நெளிந்துவிடும். நிழலில், உலர்ந்த இடத்தில், புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள். பூசணம் பிடித்ததைத் தனிப் பையில் போடுங்கள். கேசட்டின் முதுகில் ஓரமாக ஒரு சின்னப் பிளாஸ்டிக் தாழ் இருக்கும். அதை உடைத்துவிட்டால் தவறி யாரும் மேலே பதிய முடியாது.

“அப்பவே டிவிடி போட்டாச்சு” என்பவர்களும் கேசட்டைத் தூக்கிப் போட வேண்டாம். கடையில் எழுதிய டிவிடி பல இப்போது திறப்பதில்லை. மாற்றித் தருகிறவரிடம் வாட்ஸ்அப்புக்குச் சுருக்கிய படத்தோடு, சுருக்காத பெரிய ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். அதில் ஒரு பிரதி இங்கே, இன்னொன்று வெளியூரில் இருக்கட்டும். தள்ளிப்போடவும் நேரமில்லை. கடைசிவரை டெக் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஒரு டெக்கைப் பிரித்துத்தான் இன்னொன்றை ஓடவைக்கிறோம்.

இன்னொன்று. வாங்கிப் போக வரும்போது வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிவாருங்கள். யார் யார் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளலாம். அப்படி வந்த தேவகோட்டை ஆச்சி ஒருவர் திடீரென்று நிறுத்தச் சொன்னார். “வளவுத் தூண்ல சாஞ்சு நிக்கிறாகளே, அவுகதான் எங்க அப்பச்சி. அவுக பேசுறது இது ஒண்ணுலதான் இருக்கு.” அப்பாவைத்தான் அப்படிச் சொன்னார். சத்தத்தைக் கூட்டினேன். “பந்தி போட்டாச்சா?” என்று யாரையோ கேட்கிறார். அவ்வளவுதான். ஆச்சி திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓட்ட முடிந்தது. ஓடியது ஃபைல், நாடா அல்ல.